குன்னூர் அட்டவணையும் புழுங்கலரிசியும்

சில ஆண்டுகளுக்கு முன் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கான பயிற்சி ஒன்றில் வகுப்பெடுக்கப் போயிருந்தேன். கரும்பலகையில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, நிலக்கடலை என்று வரிசையாக எழுதி, எதிரே சத்துகளின் அளவைப் போட்டேன். உள்ளூரில் கிடைப்பதை வைத்தே ஊட்டக்குறையைச் சரிசெய்யலாம் என்பதுதான் பாடம். பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த செவிலியர் எழுந்தார்.

“எல்லாம் சரிதான் சார். கீரை மரத்துல இருக்கு. நாள் முழுக்க நாத்து நட்டுட்டு வர்றவ அதை எப்ப உருவி, எப்ப ஆஞ்சு, எப்ப வதக்கறது?”

வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

தேடல் குன்னூரில் போய் நின்றது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அதுவே 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்தது. பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. மெக்காரிசனுக்குப் பிறகு 1935-இல் இயக்குநரான ஐக்ராய்டின் காலத்தில், பொதுச் சுகாதார அதிகாரிகள் குன்னூருக்கு வந்து பயிற்சி பெற்றார்கள். வீடுகளில் என்ன உண்கிறார்கள் என்று கணக்கெடுப்பது அந்த ஆய்வகத்தின் முக்கியமான வேலை. இந்திய உணவுகளின் சத்துகளை அட்டவணையிட்ட 23ஆம் எண் சுகாதார வெளியீடு 1937-இல் வந்தது. நான் கரும்பலகையில் எழுதியது அதன் வழிவந்த கணக்குத்தான்.

ஆனால் குன்னூர் கற்பித்தது மட்டுமல்ல, கற்றுக்கொண்டதும் உண்டு. தெலுங்குக் கடலோரத்து வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசிதான் சோறு. தமிழ் மாவட்டங்களுக்கும் ஆலை வந்திருந்தது. நோய் அப்படி வேரூன்றவில்லை. காரணம் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேற்பரப்பிலும் முளையிலும் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நெல் அவித்த பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற சொல்லே தெரியாது. ஆய்வகம் அவர்கள் செய்ததற்குக் காரணம் சொன்னது.

கீரையின் கதை வேறு. அதில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் மிகுதி என்று அட்டவணை சொன்னது. ஆனாலும் அந்தச் சத்துக் குறைவால் குழந்தைகளின் பார்வை போய்க்கொண்டுதான் இருந்தது. கடைசியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்தை வாயில் ஊற்றும் தேசியத் திட்டம் 1970-இல் வந்தது. அதற்கு வழிவகுத்ததும் ஹைதராபாத் நிறுவனத்தின் ஆய்வுகளே. கீரையின் அருமை தெரியாதவர்கள் எடுத்த முடிவல்ல அது. மரத்திலிருந்து குழந்தையின் வாய்வரை கீரை போய்ச் சேரவில்லை.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? புழுங்கல் ஒருநாள் வேலை. நாலைந்து பேர் சேர்ந்து அவித்துக் காயவைத்தால் பல வாரங்களுக்குச் சோறு. பிறகு அதையும் ஆலையே ஏற்றுக்கொண்டது. கீரையோ அன்றாடம் ஒருத்தியின் தலையில் விழும் வேலை. அட்டவணையில் சத்துக்கு ஒரு பத்தி உண்டு. அவளுடைய நேரத்துக்குப் பத்தி இல்லை. உள்ளூரில் கிடைக்கும் வளம் என்று நாம் எழுதுவதில் பாதி, கூலியில்லாத அவளுடைய உழைப்பு.

அன்று மாலை தேநீர் இடைவேளையில் அந்தச் செவிலியரே பதிலையும் சொன்னார்.

“மரத்தை வீட்டுக் கொல்லையில நடச் சொல்றதோட நிறுத்தாதீங்க சார். அங்கன்வாடி வாசல்லயும் ரெண்டு நடுங்க. அங்கதான் சமைக்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஆள் இருக்கு.”

இப்போதெல்லாம் வகுப்பில் அட்டவணையை எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கிறேன்: “உங்க ஊர்ல யார் சமைக்கறாங்க, வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வர்றாங்க?”