கடற்கொள்ளையர் வீடா, காவலர் வீடா?

கேரளத்தின் வடகரை நகருக்குத் தெற்கே, குற்றியாடி ஆறு அரபிக்கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகே இரிங்கல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கோட்டக்கல் பகுதியில் ஓடு வேய்ந்த சிறிய வீடொன்றைத் தொல்லியல் துறையினர் அருங்காட்சியகமாகப் பேணி வருகின்றனர். பழைய வாள்களும் பீரங்கிக் குண்டுகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கள்ளிக்கோட்டை மன்னராகிய சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாய் விளங்கிய குஞ்ஞாலி மரைக்காயர்களின் வீடு இது என்று மக்கள் போற்றுகின்றனர். போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களோ அவ்வீட்டாரைக் கடற்கொள்ளையர் என்றே எழுதி வைத்தனர். இவ்விரு பெயர்களுள் எது மெய்யானது என்பதை நாம் சற்று நிதானமாக ஆராய்வது நன்று.

மரைக்காயர் என்னும் பெயர் 'மரக்கலம்' என்னும் தமிழ்ச் சொல்லினின்று பிறந்தது என்பர். அவர்கள் வணிகத்தால் வளர்ந்தவர்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா மலபார்க் கரையை அடைந்தபின், அந்த வணிகத்தின் நிலை மாறியது. போர்த்துக்கீசியரிடம் 'கர்த்தாசு' என்னும் அனுமதிச் சீட்டுப் பெறாத கலங்கள் கடலிலே கைப்பற்றப்பட்டன. 1502-இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலொன்றை, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோருடன் வாஸ்கோ ட காமா எரித்தழித்தார். இச்சூழலில்தான் மரைக்காயர்கள் வணிகத்தை விட்டுப் போர்த்தொழிலை மேற்கொண்டனர். சிறிய, விரைவான படகுகளில் கூட்டமாய்ச் சென்று, பெரிய கப்பல்களைத் தாக்கிவிட்டு ஆற்றுமுகங்களுக்குள் மறைவது அவர்களது போர்முறை.

1571-இல் சாலியம் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து சாமூதிரி கைப்பற்றினார். அதன்பின் அவரது இசைவுடன் இந்த ஆற்றுமுகத்தில் மரைக்காயர் கோட்டை எழுந்தது. ஆனால் நான்காம் குஞ்ஞாலியின் காலத்தில் மன்னருக்கும் தளபதிக்கும் பகை மூண்டது. சாமூதிரியின் யானையொன்றின் வாலைக் குஞ்ஞாலி அறுத்தார் என்றும், தம்மையே கடலின் அதிபதி என்று அழைத்துக்கொண்டார் என்றும் கதைகள் வழங்குகின்றன. 1599-இல் நடந்த முற்றுகையைக் கோட்டை தாங்கியது. 1600-இல் சாமூதிரி நிலத்திலும், அந்திரே ஃபுர்த்தாடோ கடலிலும் கோட்டையைச் சூழ்ந்தனர். உயிருக்கு உறுதி பெற்றுத் தம் மன்னரிடம் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்த்துக்கீசியர் பிடித்துச் சென்று, கோவாவில் தலையை வெட்டிக் கொன்றனர். அவரது தலை கண்ணனூருக்கு அனுப்பப்பட்டு, மக்கள் காண வைக்கப்பட்டது. கோட்டையும் இடிக்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்குத் தொலைவானதன்று. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள், முத்துச் சலாபம் பற்றிய பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடினர். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். 1538-இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில், மரைக்காயர் தளபதிகளின் கப்பற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். அவ்வெற்றியால் நம் கடற்கரை மக்கள் அச்சம் நீங்கினர். நம் முன்னோர்க்கு அரணாய் நின்ற அதே கப்பல்கள்தாம் மலபார்க் கரையில் வணிகரின் வாழ்வைச் சூறையாடின. வேதாளையிலே பகைவராய் வந்தவர்கள்தாம் கோட்டக்கல்லிலே காவலராய் நினைக்கப்படுகின்றனர்.

இங்கே நாம் இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். நம் மூதாதையர் பெற்ற விசுவாசத்தை அரசியல் ஆதாயம் என்று இழித்துரைப்பது ஒன்று. விசுவாசத்தைக் கொணர்ந்தவர்களின் கப்பலில் ஏறி வந்த கொடுமைகளுக்குத் திரையிடுவது மற்றொன்று. 1542-இல் நம் கரைக்கு வந்த புனித சவேரியாரே, போர்த்துக்கீசிய அதிகாரிகள் ஏழை மீனவர்க்கு இழைத்த அநீதிகளைக் கண்டு தம் கடிதங்களில் மனம் நொந்து எழுதினார். அவரது அன்பு அவரது கண்களை மூடிவிடவில்லை. அவர் கண்ட அநீதி அவரது அன்பைக் குறைத்துவிடவும் இல்லை.

மரைக்காயர்கள் குற்றமற்றவர்கள் என்று நாம் கூற வேண்டுவதில்லை. அவர்களும் கப்பல்களைக் கொள்ளையிட்டனர்; அவர்களால் பாதிக்கப்பட்டோருள் எளியோரும் இருந்திருப்பர். ஆயினும் அனுமதிச் சீட்டின் பெயரால் ஒருவர் பறித்தால் அது ஆட்சி என்றும், சீட்டின்றி மற்றவர் பறித்தால் அது கொள்ளை என்றும் கூறுவது நீதியாகாது. வென்றவர் எழுதிய ஏட்டில் 'கொள்ளையர்' ஆனவரின் பெயரை, விடுதலை பெற்ற இந்தியா தன் கடற்படைத் தளமொன்றிற்குச் சூட்டியது. 2000-ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல் தலையும் வெளியிட்டது.

இன்று முத்துக்குளித்துறையிலும் மலபாரிலும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒரே கடலை நம்பி வாழ்கின்றனர். பிறருடைய துன்பத்தையும் சேர்த்து நினைவுகூரும்போதே நம் வரலாறு முழுமை பெறும். கோட்டக்கல்லின் அச்சிறு வீட்டுக்குச் செல்லும் கத்தோலிக்கர், அதைப் பகைவன் வீடாகக் கருத வேண்டுவதில்லை. ஒருவர்க்கு அரணானது மற்றவர்க்கு வாளாகிவிடாதபடி விழித்திருக்க, அவ்வீடு நமக்குக் கற்பிக்கட்டும்.