மரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே

தென்னேரியில் எங்கள் தாத்தா வீட்டு மாடி 'மெட்ராஸ் டெரஸ்'. 19-ஆம் நூற்றாண்டில் சென்னையில் பரவலாக இருந்த முறை. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்துவாக்கில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள்.

மரம் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். வெயிலில் ஓடும் விரியும். சுண்ணாம்பு இந்தச் சிறு அசைவுகளுக்கு ஈடுகொடுக்கும். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் வழிவந்த இன்றைய சிமெண்ட் விறைப்பானது. அதைப் பூசிப் புது ஓடு ஒட்டினோம். ஒரே வருடத்தில் விரிசல், ஒழுகல்!

கனடாவில் மரத்தளத்தின் மேல் மின்கம்பி பதித்துச் சூடேற்றும்போது, ஓடு வெடிக்காமலிருக்க நடுவே நெகிழும் விரிப்பு போடுவார்கள் என்றார் சித்தப்பா. நம் கொத்தனார்கள் அந்த வேலையைத்தான் சுண்ணாம்பிடம் விட்டிருந்தார்கள். உத்திரம் உளுத்துப் போகும் முன் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு மறுபடி சுண்ணாம்புதான்.