ஹெட் கேஸ்கட் பழுது: பெங்களூரில் செம்புத் தகடு முதல் எஃகு அடுக்கு வரை

கார் எஞ்சினின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே எரியறை அழுத்தம், எண்ணெய், கூலன்ட் ஆகிய மூன்றும் கலக்காமல் காப்பது ஹெட் கேஸ்கட். அதன் மூலப்பொருள் மாறியபோதெல்லாம் பட்டறை வேலையும் மாறியது. கைப்பழக்கம் மட்டும் போதுமானதாக இருந்த தொழிலில் அளவுக்கருவி எப்படி இன்றியமையாததாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களம்

வாகன உதிரிபாகம் தயாரித்த மைக்கோ நிறுவனம் வேரூன்றிய நகரம் பெங்களூர். உதிரிபாகம் என்றால் இங்கே ஜெ.சி. ரோடுதான். நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால் கொதிநிலை சுமார் 20 டிகிரி உயரும். மூடி தளர்ந்தாலோ, கூலன்ட்டுக்குப் பதிலாக ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்தாலோ, நெரிசலில் ஊரும் வண்டி சூடேறி, ஹெட் கேஸ்கட் பழுதாகலாம்.

செம்பும் ஆஸ்பெஸ்டாஸும்

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. சூட்டில் இரண்டும் ஒரே அளவில் விரியும். அக்காலக் கேஸ்கட்டில் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. சிறு மேடுபள்ளங்களை அது ஏற்றுக்கொண்டது. எஞ்சினை ஓட்டிச் சூடாக்கியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது வழக்கம். பழைய கேஸ்கட்டை உலர்வாகச் சுரண்டுகையில் எழுந்த தூசி புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. அந்தத் தலைமுறைத் தொழிலாளர்கள் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

அலுமினிய ஹெட்

பியட் 1100இல் முன்பே இருந்த அலுமினிய ஹெட், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 மூலம் வீதிதோறும் பரவியது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இருமடங்கு விரியும். ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ஹெட் வளைந்துவிடலாம். எனவே ஹெட்டை இறக்கியதும் நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அடியில் பீலர் கேஜ் நுழைத்துப் பார்ப்பது கட்டாயமாயிற்று. பல சிறு எஞ்சின்களுக்கு வளைவு வரம்பு 0.05 மி.மீ.; சாதாரணத் தாளின் தடிமனில் பாதி. அதைத் தாண்டினால் லேத் பட்டறைக்கு அனுப்பிப் பரப்பைச் சமப்படுத்த (ஃபேசிங்) வேண்டும்.

எஃகு அடுக்குகள்

2008இல் மாருதி ஏ-ஸ்டார் காருடன் வந்த கே10பி போன்ற எஞ்சின்களில் பிளாக்கும் அலுமினியமானது. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய கேஸ்கட்டுகள் பரவலாயின. இவை மேடுபள்ளத்தைப் பொறுக்காது. பரப்பைச் சுத்தம் செய்யும்போது எமரி வட்டு உண்டாக்கும் குழி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கசிவுக்கு வழிவிடும். மறு இறுக்கம் பொதுவாகத் தேவையில்லை. நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்ச்சில் படிப்படியாக இறுக்கி, பல எஞ்சின்களில் கடைசியாகக் குறிப்பிட்ட கோணம் திருப்ப வேண்டும்.

கண்டறிதல்

வெள்ளைப் புகை, எண்ணெய் மூடியில் பால்நிறக் கூழ் ஆகியவை பழைய அடையாளங்கள். குளிர்காலையில் குறுந்தூரம் ஓடும் வண்டியிலும் அக்கூழ் படியும் என்பதால், அதை மட்டும் நம்பி ஹெட்டை இறக்கக் கூடாது. ரேடியேட்டர் ஆவியில் எரியறை வாயு கலந்திருந்தால் சோதனைக் கருவியின் நீலத் திரவம் மஞ்சளாகும். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் கம்ப்ரெஷன் குறைந்திருந்தால், அவற்றின் இடைச்சுவரில் கேஸ்கட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

முடிவுரை

பொருள் மெலிய மெலிய, வேலையில் அனுமதிக்கப்பட்ட பிழையும் சுருங்கியது. ஆனால் ஒரு கடமை மட்டும் மூன்று காலத்துக்கும் பொது: எஞ்சினைச் சூடேற்றிய காரணத்தைக் கண்டுபிடிப்பது. தெர்மோஸ்டாட், மின்விசிறி, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஆகியவற்றைச் சோதிக்காமல் புதுக் கேஸ்கட் போட்டால், வாடிக்கையாளர் அதே செலவை மறுபடி செய்ய நேரும். தொழிற்பயிற்சி நிலையங்கள் கேஸ்கட் மாற்றுவதோடு இந்தச் சோதனை வரிசையையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.