ஒன்ராறியோவின் இணையவழித் தொழிற்பாதுகாப்புப் பயிற்சி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலைக்குச் சேரும் தொழிலாளர்களுக்கு வேலைத்தலத்து ஆபத்துகளையும், அவை தொடர்பாகச் சட்டம் அவர்களுக்கு வழங்கும் உரிமைகளையும் கற்பிக்கும் அடிப்படைப் பாடமே தொழிற்பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சி ஆகும். 2014 யூலை 1 முதல் நடைமுறையிலுள்ள 297/13ஆம் இலக்க ஒழுங்குவிதி இதனைக் கட்டாயமாக்கியது. நான்கு படிகளாக அமைந்த இப்பாடத்தை மாகாணத் தொழில் அமைச்சு இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. அதனையே அச்சிட்ட பயிற்சிநூல் வடிவிலும் பயிலலாம். ஒழுங்குவிதி கோரும் பொருள்கள் யாவும் இடம்பெறுமாயின், வேலை வழங்குநர் தாமே வகுத்த பாடத்தையும் பயன்படுத்தலாம்.

இப்பயிற்சியின் மையக் கருத்தாகிய ‘அறியும் உரிமை’ எலியட் லேக் யுரேனியச் சுரங்கங்களின் கசப்பான அனுபவத்திலிருந்து உருவானது. அங்கு சிலிக்கா தூசியையும் கதிரியக்க வாயுவையும் ஆண்டுக்கணக்காகச் சுவாசித்த தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை அரசு அதிகாரிகள் ஆராய்ந்து அறிந்திருந்தும், அம்முடிவுகள் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாடொன்றில் வாசிக்கப்பட்ட பிறகே சுரங்கத் தொழிலாளரின் காதுக்கு எட்டின. 1974இல் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதன் விளைவாக ஜேம்ஸ் ஹாம் தலைமையில் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1976இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஆபத்தை அறிதல், பாதுகாப்பு முடிவுகளில் பங்கேற்றல், ஆபத்தான வேலையை மறுத்தல் என்னும் மூன்று உரிமைகளைத் தாங்கி நிற்கும் தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டம் 1979இல் நடைமுறைக்கு வந்தமைக்கு அவ்வறிக்கையே அடித்தளமாயிற்று.

சட்டம் இருந்தும், அது இருப்பதையே அறியாதோர் பலராயினர் என்பது 2009 டிசம்பர் 24 அன்று வெளிப்பட்டது. ரொறன்ரோவின் கிப்ளிங் அவெனியூவில் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் மாடமுகப்புகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்கள் நின்ற தொங்குமேடை 13 மாடி உயரத்தில் இரண்டாக முறிந்ததில் நால்வர் உயிரிழந்தனர். ஐந்தாமவர் கீழே விழுந்து படுகாயங்களுடன் பிழைத்தார். மாண்டவர்கள் பிற நாடுகளிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். மேடையில் இருந்தோரின் எண்ணிக்கைக்குப் போதிய உயிர்காப்புக் கயிறுகளும் அங்கு இருக்கவில்லை. இதையடுத்து ரோனி டீன் தலைமையில் அமைக்கப்பட்ட நிபுணர் குழு 2010இல் முன்வைத்த 46 பரிந்துரைகளுள், தொழிலாளர், மேற்பார்வையாளர் ஆகிய இரு சாராருக்கும் விழிப்புணர்வுப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்த வேலைத்தளத்தின் திட்ட முகாமையாளருக்குப் பின்னர் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பாடத்தில் சட்டத்தின் கீழ் தொழிலாளி, மேற்பார்வையாளர், வேலை வழங்குநர் ஆகியோருக்குரிய கடமைகளும், பொதுவான ஆபத்துகளும், பல ஆண்டுகள் உடலில் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும் தொழில்சார் நோய்களும், தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்தமையும் கூட்டுப் பாதுகாப்புக் குழுவின் பணியும் விளக்கப்படுகின்றன. இக்குழு பொதுவாக 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் அமைய வேண்டும். அதனினும் சிறிய, ஐவருக்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட இடங்களில் அவர்கள் தெரிவு செய்யும் பிரதிநிதி ஒருவர் போதும். தொழிலாளர் பேச்சில் ‘விமிஸ்’ என வழங்குவதும், இரசாயனப் பொருள்களின் கலங்களில் ஒட்டப்படும் அடையாளச் சீட்டுகளையும் தரவுத்தாள்களையும் ஒழுங்குபடுத்துவதுமான தகவல் முறைமையும் அறிமுகப்படுத்தப்படுகிறது.

இவற்றுள் மிகுந்த பயனுடையது மறுக்கும் உரிமை பற்றிய பகுதியே எனலாம். ஒரு வேலை தமக்கோ உடன் வேலை செய்வோருக்கோ தீங்கு விளைவிக்கும் என்று நம்புவதற்குக் காரணமிருந்தால், தொழிலாளி அதனை மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவித்து வேலையை நிறுத்தலாம். தொழிலாளர் பிரதிநிதியின் முன்னிலையில் நடக்கும் விசாரணைக்குப் பிறகும் நியாயமான ஐயம் நீங்காவிடின் அமைச்சின் ஆய்வாளர் அழைக்கப்படுவார். இவ்வாறு மறுத்தவரைப் பழிவாங்கும் நோக்கில் வேலையிலிருந்து நீக்குவதும் சம்பளத்தைக் குறைப்பதும் சட்டவிரோதமாகும். தீயணைப்பாளர், காவல்துறையினர் போன்றோருக்கு மட்டும் இவ்வுரிமை வரையறைக்கு உட்பட்டது.

திரையில் பெறும் இப்பாடம் பொது அறிவை மட்டுமே தருகிறது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. குறிப்பிட்டதோர் இயந்திரத்தை எவ்வாறு நிறுத்திப் பூட்டுவது, குறிப்பிட்டதோர் அமிலத்தை எங்கே வைப்பது என்பன போன்ற தனிப்பயிற்சியை அளிப்பது வேலை வழங்குநரின் வேறொரு கடமை. கட்டுமானத் துறையில் 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த உயரத்தில் வேலை செய்வோருக்கான பயிற்சியில், காப்புக் கச்சையைத் தம் கையால் பூட்டிக் காட்டும் செய்முறைப் பகுதியும் உண்டு. அதன் சான்று மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். ‘ஏஜென்சி’ என்று வழக்கில் சுட்டப்படும் தற்காலிக வேலை முகவர்கள்வழி அனுப்பப்படும் தொழிலாளரிடத்தில் பொதுப்பாடத்துக்கும் தனிப்பயிற்சிக்கும் இடையிலான வேறுபாடு எளிதில் மறைந்துவிடுகிறது: முகவர் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ள, தொழிற்சாலையோ பயிற்சி முடிந்துவிட்டதாகக் கருதிக்கொள்கிறது. 2016இல் ரொறன்ரோவின் நோர்த் யோர்க்கிலுள்ள பெரும் வெதுப்பகத் தொழிற்சாலையொன்றில், முகவர்வழி வந்து சேர்ந்த சில நாள்களிலேயே இளம்பெண் ஒருவர் தம் தலைத்துணி இயந்திரத்தில் சிக்கி இறந்தார்; குற்றத்தை ஏற்றுக்கொண்ட நிறுவனத்துக்கு 3 இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஆலைகளிலும் உணவக அடுக்களைகளிலும் பெருமளவில் வேலை செய்துவரும் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதித் தமிழரிடையிலும் ஏஜென்சி வேலை பழக்கமான ஒன்றே.

மேற்பார்வையாளர் அப்பணியை ஏற்ற ஒரு வாரத்துக்குள் தமக்குரிய பாடத்தை முடித்தாக வேண்டும். தொழிலாளிக்கு அவ்வாறு நாள் வரையறுக்கப்படாமல், இயன்ற விரைவில் என்று மட்டுமே கூறப்பட்டுள்ளது. முன்னர் வேறிடத்தில் பயின்றதற்குச் சான்று காட்டுவோர், அப்பாடம் விதிக்கு இணங்கியதாயின், மீண்டும் பயில வேண்டியதில்லை. பயிற்சி முடித்தமைக்கான பதிவேட்டை வேலை வழங்குநரே பேண வேண்டும். வேலையை விட்டு விலகிய ஆறு மாதங்களுக்குள் தொழிலாளி கேட்டால் அதற்கான எழுத்துச் சான்றையும் அவர் வழங்கியாக வேண்டும்.