சிகரெட் பிடித்த இயந்திரம்

அப்பா பிடித்தது 'லைட்ஸ்'. வெள்ளைப் பெட்டி, ஓரத்தில் ஒரு தங்கக் கோடு. அதற்கு முன்னால் சிவப்புப் பெட்டி. நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் வருடத்துக்கு ஒரு முறை போதைப்பொருள் எதிர்ப்பு வாரம் நடக்கும். மண்டபச் சுவரில் கருத்துப்போன நுரையீரல் படத்தை ஒட்டிவைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அழுவேன். ஒருநாள் அப்பா வெள்ளைப் பெட்டியோடு வந்தார். "இது லைட்ஸ்மா, ஒண்ணும் பண்ணாது" என்றார். நானும் அழுவதை நிறுத்திவிட்டேன்.

மலேசியாவில் புகையிலைப் பொருள் கட்டுப்பாட்டு விதிமுறைகள் வந்தன. 'லைட்', 'மைல்ட்' மாதிரியான சொற்களைப் பெட்டியில் போடக்கூடாது என்று ஆனது. சொல் போய்விட்டது, வெள்ளை நிறம் போகவில்லை. நான் பல்கலைக்கழகம் போன பிறகும்கூட அப்பா கடையில் "லைட்ஸ் ஒண்ணு" என்றுதான் கேட்பார். தௌக்கேயும் ஒரு வார்த்தை கேட்காமல் சரியான பெட்டியை எடுத்து நீட்டுவார்.

எனக்கு வேலை ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில். ஒரு பொருள் 'பாஸ்' என்று யாராவது சொன்னால் எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்பதற்குத்தான் மாதாமாதம் சம்பளம். ஆனால் அப்பாவின் வெள்ளைப் பெட்டியைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ரொம்ப வருடம் ஆனது. லைட் என்றால் எவ்வளவு லைட்? யார் அளந்தது?

அளந்தது ஓர் இயந்திரம். 1936-இல் ஓர் அமெரிக்கப் புகையிலை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிகரெட் புகையை ஆய்வுக்கூடத்தில் சேகரிக்க ஒரு முறையை எழுதி வெளியிட்டார்கள். ஓர் இழுப்புக்கு 35 மில்லிலிட்டர், இழுப்பு நீடிப்பது 2 விநாடி, நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. ஒரே மாதிரி இழுத்தால்தானே ஒரு சிகரெட்டை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்? சோதனை முறை என்ற அளவில் இதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். அந்த 35 மில்லிலிட்டர் 30 வருடம் கழித்து எங்கே போய் உட்காரும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பயம் தொடங்கியது 1950-களில். 1953-இல் எர்ன்ஸ்ட் வைண்டரும் அவருடன் இருந்தவர்களும் சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவிப் பார்த்தார்கள். 44 சதவீத எலிகளுக்குப் புற்றுநோய் வந்தது. அந்த டிசம்பரிலேயே அமெரிக்க சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் கூடிப் பேசினார்கள். 1954 ஜனவரி 4-ஆம் தேதி 400-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப்பக்க அறிக்கை வந்தது. எங்கள் பொருள் உடலுக்குக் கெடுதி என்று நாங்கள் நம்பவில்லை, இருந்தாலும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். வெளியே அப்படிச் சொல்லிக்கொண்டே கடைக்கு அவர்கள் அனுப்பியது பஞ்சு வைத்த சிகரெட்டை. 1950-இல் அமெரிக்காவில் விற்ற சிகரெட்டில் நூற்றுக்கு ஒன்றில்கூட ஃபில்டர் இல்லை. பத்தே வருடத்தில் பாதியில் ஃபில்டர் வந்துவிட்டது.

அந்தப் பத்து வருடத்தில் நடந்த ஒரு கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1952-இல் லோரில்லார்ட் நிறுவனம் 'கென்ட்' சிகரெட்டை இறக்கியது. அதன் பெருமையே 'மைக்ரோனைட்' ஃபில்டர்தான். அணுசக்தி நிலையங்களில் காற்றைச் சுத்தப்படுத்தப் பயன்படும் பொருள் என்று விளம்பரம் செய்தார்கள். அது பொய்யில்லை. அந்தப் பொருள் நீல அஸ்பெஸ்டாஸ். பழைய தோட்ட வீட்டுக் கூரைகளில் பார்த்திருப்போமே, அந்த அஸ்பெஸ்டாஸின் உறவுக்காரன், அந்தக் குடும்பத்திலேயே மோசமானவன். ஒவ்வொரு ஃபில்டரிலும் ஏறக்குறைய 10 மில்லிகிராம். 1956 வரை, ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட சிகரெட்டுகளில் அது இருந்தது. புகையிலைக்குப் பயந்து ஒருவர் கூடுதல் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான்.

அந்த ஃபில்டரைச் செய்த தொழிற்சாலை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்தது. 1953-இல் அங்கே வேலை செய்த 33 ஆண்களைப் பின்னாளில் மருத்துவர்கள் தேடிக் கணக்கெடுத்தார்கள். 1989-இல் அந்த ஆய்வு வெளியானபோது 28 பேர் இறந்திருந்தார்கள். அந்த வயதுக்காரர்களில் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய இறப்பு எட்டுக்குச் சற்று மேல். தொழிற்சாலையில் வேலை செய்கிறவள் என்பதாலோ என்னவோ, இந்த வரலாறு முழுவதிலும் என்னால் எளிதில் தாண்டிப்போக முடியாத எண் அந்த 33-தான். அவர்கள் சிகரெட் பிடித்தார்களா இல்லையா என்பது வேறு விஷயம். இன்னொருவர் பிடிக்கும் சிகரெட்டைப் பாதுகாப்பானதாக ஆக்கும் வேலையில் இருந்தார்கள்.

1957-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் சிகரெட்டுகளின் தார் அளவை ஒப்பிட்டுக் கட்டுரை போட்டது. அதற்குள் அஸ்பெஸ்டாஸ் இல்லாத புதிய ஃபில்டருக்கு மாறியிருந்த கென்டுக்கு நல்ல பெயர், விற்பனை எகிறியது. எண் விற்கும் என்று எல்லா நிறுவனமும் புரிந்துகொண்டது அப்போதுதான். ஆளுக்கொரு எண்ணை ஆளுக்கொரு முறையில் அளந்து விளம்பரத்தில் போட்டார்கள். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்ட அமெரிக்க வர்த்தக ஆணையம் 1967-இல் தானே ஓர் ஆய்வுக்கூடம் வைத்துச் சோதிக்கத் தொடங்கியது. எந்த முறைப்படி? 1936-இன் அதே 35 மில்லிலிட்டர், 2 விநாடி, நிமிடத்துக்கு ஒன்று.

சோதனையில் குறைந்த எண் வாங்க ஒரு நல்ல எஞ்சினியர் என்ன செய்வார்? புகையிலையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஃபில்டரைச் சுற்றியுள்ள தாளில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு வரிசை துளை போட்டால் போதும். இழுக்கும்போது துளை வழியே வெளிக்காற்று கலக்கும், புகை நீர்த்துப்போகும். துளைகள் இருந்தது இயந்திரத்தின் பிடி மறைக்காத இடத்தில். மனிதனின் உதடும் விரலும் படுகிற இடமும் அதுவே. அமெரிக்க சிகரெட்டின் சராசரி தார் அளவு 1950-களில் 38 மில்லிகிராம் வாக்கில் இருந்தது, 1990-களில் 12-க்கு வந்தது. எல்லாம் இயந்திரம் பிடித்த கணக்கு. 2015-இல் வோக்ஸ்வேகன் டீசல் கார்கள் சோதனை மேடையில் மட்டும் சுத்தமாக ஓடின என்று அம்பலமானபோது எங்கள் பிரிவில் பேசாத ஆளில்லை. நான் அப்போது இன்டர்ன். இந்த சிகரெட் கதை தெரிந்திருந்தால் எழுந்து கையைத் தூக்கியிருப்பேன். காருக்காவது ஏமாற்றுவதற்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டது, சிகரெட்டுக்கு ஊசித்துளை போதுமாக இருந்தது.

இயந்திரத்துக்கு நிகோடின் ஏக்கம் கிடையாது. மனிதனுக்கு உண்டு. புகை நீர்த்துப்போனால் அவன் இன்னும் ஆழமாக இழுப்பான், அடிக்கடி இழுப்பான், தன்னை அறியாமலே துளையை மூடிக்கொள்வான். கனடாவில் லின் கொஸ்லோவ்ஸ்கி என்ற உளவியலாளர் 1980-இல் இதைக் கண்டுபிடிக்க எளிமையான ஒரு வழி சொன்னார். பிடித்துப் போட்ட துண்டின் பஞ்சைப் பாருங்கள். துளை திறந்திருந்தால் நடுவில் பழுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை வளையம். மூடியிருந்தால் விளிம்பு வரை ஒரே பழுப்பு. 1983-இல் நீல் பெனோவிட்ஸும் குழுவினரும் வேறு பக்கமிருந்து வந்தார்கள். புகைப்பவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, பெட்டியில் குறைந்த எண் போட்ட சிகரெட்டைப் பிடித்தவர்களின் உடம்பில் நிகோடின் குறைவாகப் போகவில்லை என்று தெரிந்தது.

கொஸ்லோவ்ஸ்கியின் முறையைப் படித்தது பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஐந்தடியின் மூலையில் அப்பா சாம்பல் தட்டும் மைலோ டின்னைக் கவிழ்த்தேன். ஏழு துண்டு. ஐந்து ஒரே பழுப்பு. இரண்டில் மட்டும் பாதி வளையம். டின்னை மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இதை வெறும் திருடர்கள் கதையாகச் சொல்லிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் இந்தப் பக்கத்திலும் நல்லவர்கள் நம்பினார்கள். எலி முதுகில் தார் தடவிய அதே வைண்டர், பலரால் விட முடியாது என்றால் சிகரெட்டையாவது குறைந்த ஆபத்துள்ளதாக ஆக்குவோம் என்று நெடுங்காலம் வாதாடினார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1968 முதல் ஏறக்குறைய பத்து வருடம் நிறுவன விஞ்ஞானிகளையும் மேசையில் சேர்த்துக்கொண்டு இதற்காகவே ஒரு குழு நடத்தியது. அந்தத் திட்டத்தை நடத்திய ஜியோ கோரி 1978-இல், புது சிகரெட்டுகளில் சிலவற்றை ஒரு கணக்குவரை பிடித்தால் கூடுதல் ஆபத்தைக் கண்டுபிடிப்பதே கடினம் என்ற பொருளில் எழுதப்போக, பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அவருடைய மேலதிகாரிகளே கைகழுவினார்கள். 1981-இன் தலைமை மருத்துவர் அறிக்கைகூட, பாதுகாப்பான சிகரெட் என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டு, விட முடியாதவர்கள் தார் குறைந்ததற்கு மாறலாம் என்ற இடத்தில்தான் நின்றது. அப்பாவின் "ஒண்ணும் பண்ணாது" அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது கிடையாது. அது ஆய்வுக்கூடத்தில் பிறந்து, விளம்பரத்தில் வளர்ந்து, ஒட்டுக்கடை மேசை வரை வந்து சேர்ந்தது.

உண்மையிலேயே வேறு மாதிரி செய்து பார்த்தவர்களும் உண்டு. லிக்கெட் நிறுவனத்தில் ஜேம்ஸ் மோல்ட் என்ற வேதியியலாளர் புகையிலையில் பல்லாடியம் என்ற உலோகத்தைக் கலந்தார். எலிச் சோதனையில் கட்டிகள் நன்றாகவே குறைந்தன. 1970-களின் கடைசியில் அது சந்தைக்குத் தயார், பெயர்கூட வைத்தாயிற்று. வரவே இல்லை. வழக்கறிஞர்கள் நடுவே புகுந்த கதையை 1988-இல் நியூஜெர்சியில் நடந்த சிப்பலோன் வழக்கில் மோல்டின் சாட்சியம் வெளியே கொண்டுவந்தது. 'இது ஆபத்து குறைந்தது' என்று சொன்னால் மற்றது எல்லாம் ஆபத்து என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் இல்லையா?

அதே 1988-இல் ரெனால்ட்ஸ் நிறுவனம் 'பிரீமியர்' என்ற ஒன்றைச் சில அமெரிக்க நகரங்களில் விற்றுப் பார்த்தது. நுனியில் கரித்துண்டு, உள்ளே அலுமினியக் குப்பி. புகையிலை எரியாது, சூடாகும். முப்பது கோடி டாலருக்கு மேல் கொட்டியதாகச் சொல்வார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று பிடித்தவர்கள் திட்டினார்கள். இது சிகரெட்டே கிடையாது, மருந்துச் சட்டத்தின் கீழ் வர வேண்டிய நிகோடின் கருவி என்று மருத்துவர் சங்கம் மல்லுக்கு நின்றது. 1989 தொடக்கத்திலேயே கடையைக் கட்டினார்கள். எரியாத சிகரெட்டுக்கு இரண்டு பக்கமும் எதிரி, ஊசித்துளை சிகரெட்டுக்கு யாரும் எதிரியில்லை.

2001-இல் தேசியப் புற்றுநோய்க் கழகம் தன் பழைய நம்பிக்கையைத் தானே திருத்தியது. ஐம்பது வருட வடிவமைப்பு மாற்றத்தால் மக்களின் உடல்நலத்துக்கு நன்மை கிடைத்ததாகச் சான்றில்லை என்றது. 2006-இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், 1,600 பக்கங்களைத் தாண்டிய தீர்ப்பில், நிறுவனங்களுக்கு இது முன்பே தெரியும் என்று எழுதினார். 2014-இன் தலைமை மருத்துவர் அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. 1950-களுக்குப் பிறகு சிகரெட்டின் வடிவமைப்பில் வந்த மாற்றங்களால் புகைப்பவர்களுக்கு அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்து கூடியிருக்கிறது. எந்த மாற்றம் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, ஆனால் சந்தேகப் பட்டியலில் அந்தத் துளைகளும் இருக்கின்றன.

அப்பாவுக்கு வந்தது புற்றுநோய் இல்லை. நுரையீரல் அடைப்பு நோய். 2021-இல் தெரிந்தது. விடச் சொன்னார்கள். மூன்று முறை விட்டார். நான்காவது முறை நான் வேப் வாங்கிக் கொடுத்தேன்.

திட்டுகிறவர்கள் திட்டலாம். நான் படித்தது இதுதான்: நிகோடின் வேப், ஒட்டுப்பட்டையையும் மெல்லும் கோந்தையும்விட அதிகம் பேருக்கு சிகரெட்டை விட உதவியிருக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. எரியாத இடத்தில் தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த அளவுக்கு வர வழியில்லை. ஆனால் 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு சொல்லி உலகமே திருப்பிச் சொன்ன '95 சதவீதம் பாதுகாப்பு' என்ற எண்ணின் வேரைத் தேடினால், அது முதலில் வந்தது 2013-இல் லண்டனில் சில நிபுணர்கள் கூடி உட்கார்ந்து போட்ட மதிப்பெண்களிலிருந்து. மதிப்பீடு செய்வதில் தப்பில்லை. அதைச் சோதனை முடிவு மாதிரி பெட்டியில் ஒட்டிவிடுவதுதான் எனக்குப் பழைய ஞாபகத்தைக் கிளப்புகிறது.

நம்மூரில் 2023 மார்ச் 31-ஆம் தேதி நிகோடின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபரில். இடையில் ஒன்றரை வருடம் தாமான் கடைகளில் மாம்பழ வாசனையும் பபிள்கம் வாசனையும்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2018-இலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். ஜொகூரிலிருந்து தினமும் அக்கரைக்கு வேலைக்குப் போகும் என் தோழி ஒருத்தி, தெரியாமல் பையில் கிடந்துவிடுமோ என்று பேருந்தில் ஏறுவதற்கு முன் இரண்டு முறை தடவிப் பார்த்துக்கொள்வாள். ஒரே கருவி, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இரண்டு பதில். எது சரி என்று கேட்டால், பதின்ம வயதுப் பிள்ளைகளை நினைத்தால் சிங்கப்பூர் பக்கமும், அப்பாவை நினைத்தால் இந்தப் பக்கமும் போகிறேன்.

அப்பா இப்போது இரண்டையும் பிடிக்கிறார். காலையில் சிகரெட், வீட்டுக்குள் வேப். "முன்ன மாதிரி இல்லம்மா, பாதியா குறைச்சிட்டேன்" என்கிறார். இந்த முறை டின்னைக் கவிழ்த்துப் பார்க்கும் மாதிரி எந்தச் சோதனையும் என்னிடம் இல்லை. எவ்வளவு ஆழமாக இழுக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை இழுப்பு, ஒன்றுமே தெரியாது. போன வாரம் புதுத் திரவம் வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்து ரொம்ப பொடிசா இருக்கும்மா. எத்தன மில்லிகிராம்னு போட்டிருக்கான், பாரு."

வாங்கிப் படித்துச் சொன்னேன்.