ஸ்டீரொயிட் மருந்தும் மனநிலை மாற்றங்களும்

ஸ்டீரொயிட் மருந்தை நெடுநாள் எடுப்பவர்களிடம் தோன்றும் நித்திரையின்மை, எரிச்சல், மிகை உற்சாகம், சோர்வு, மறதி, அரிதாக மனப்பிறழ்வு ஆகியன இத்தலைப்பில் அடங்கும். தொய்வு, மூட்டுவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை கொடுக்கப்படுகிறது.

உடலே கோர்ட்டிசோல் என்ற ஸ்டீரொயிடை மிகையாகச் சுரக்கும் நோயை 1932 இல் ஹார்வி குஷிங் விரிவாக எழுதினார். அந்நோயாளரிடமும் மனக்குழப்பம் காணப்படுவதுண்டு.

1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுவாதத்தால் முடங்கிய 29 வயதுப் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் கோர்ட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசியை ஏற்றினர். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார், கடைத்தெருவுக்கும் போனார். இவ்வகை ஹோர்மோன் ஆய்வுக்காக 1950 இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இம்மருந்தை எடுத்தவர்களில் விடிய விடிய நித்திரை கொள்ளாத நோயாளர்களையும், காரணமின்றிச் சீறுபவர்களையும் வைத்தியர்கள் விரைவிலேயே கண்டனர். 1955 இல் பேர்ட்டன் ரூஷே 'நியூ யோக்கர்' இதழில் அப்படியான ஓர் ஆசிரியரைப் பற்றி எழுதினார். மறு ஆண்டே அது நிக்கொலஸ் ரேயின் 'பிகர் தான் லைஃப்' படமாயிற்று. அதில் ஜேம்ஸ் மேசன் நடித்த ஆசிரியர், சம்பளம் போதாமல் பள்ளி முடிந்ததும் டாக்சி நிறுவனமொன்றில் வேலை பார்ப்பவர். அளவுமீறி மாத்திரை விழுங்கித் தன்னை மாமேதை என்று நம்புகிறார். பெற்ற மகனைக் கொல்லவும் துணிகிறார். மருந்தின் வேலையா, மனிதரின் குணமா என்று வீட்டார் தவிக்கும் தவிப்பு இவ்வளவு துல்லியமாக மருத்துவ நூல்களில் பதிவாவது அரிது.

1972 இல் வெளியான பொஸ்டன் ஆய்வு அளவின் பங்கைக் காட்டியது: நாளுக்கு 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 1.3 வீதமானோருக்கும், 80 ஐத் தாண்டியவர்களில் 18.4 வீதமானோருக்கும் மனநலப் பாதிப்பு ஏற்பட்டது. முன்பே மனநோய் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகமா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. குறுகிய காலத்தில் உற்சாகமும் நீண்ட காலத்தில் சோர்வும் மிகும் என்பது பரவலான கணிப்பு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மனநல எழுத்துகள், உளநல மருத்துவர் தயா சோமசுந்தரத்தின் 1998 ஆம் ஆண்டு நூல் உட்பட, பெரும்பாலும் உள்நாட்டுப் போரின் வடுக்களையே பேசின. அதே போர் மருந்து வரத்தையும் நெரித்தது. 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்குடன் இணைக்கும் ஏ-9 வீதி மூடப்பட்டபின் பொருட்கள் கப்பலையும் விமானத்தையும் நம்பியிருந்தன. ஸ்டீரொயிட் எடுப்பவருக்கு மருந்து தடைப்படுவது ஆபத்தானது. வாரக்கணக்கில் அதை எடுப்பவரின், கோர்ட்டிசோலைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உடல் தளரும், இரத்த அழுத்தம் விழும், மனமும் சோரும். அளவைப் படிப்படியாகக் குறைப்பது அதனாலேயே.

2020 இல் கடுமையான கொவிட் நோயாளருக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் நாளுக்கு 6 மில்லிகிராம் வழங்கும் முறை உலகெங்கும் பரவியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில், போர்க்காலக் குடாநாட்டைப் போல, இலங்கை முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது.