மாரிபின் உப்பும் காவிரிப் படுகையின் எரிவாயுவும்

பூமிக்கு அடியில் இறைவன் வைத்திருக்கும் செல்வம் யாருக்கு உரியது? நிலத்தின் உடைமையாளருக்கா, ஆட்சியாளருக்கா, தோண்டி எடுக்கும் வசதி படைத்த நிறுவனத்துக்கா, அல்லது மக்கள் அனைவருக்குமா? எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்த வளரும் நாடுகள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. நம் தமிழகமும் அதற்கு விலக்கல்ல. நம் மார்க்க அறிஞர்களுக்கோ இது மிகப் பழைய கேள்வி.

நபி (ஸல்) அவர்களிடம் யமன் நாட்டைச் சேர்ந்த அப்யள் பின் ஹம்மால் (ரலி) வந்து, மாரிப் என்னும் ஊரிலுள்ள உப்பு வயலைத் தமக்கு வழங்குமாறு கேட்டார். அண்ணலாரும் வழங்கினார்கள். அவர் திரும்பிச் சென்றபோது சபையில் இருந்த ஒருவர், அது வற்றாத நீர்நிலையைப் போன்றது, அதைத்தான் ஒரு தனி மனிதருக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்னும் பொருள்பட எடுத்துரைத்தார். உடனே அந்தக் கொடை திரும்பப் பெறப்பட்டது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் தொகுப்புகளில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு: பொதுவானது என்று தெரிந்தபின் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம், சபையில் ஒருவர் பேச முடிந்தது, அவருடைய பேச்சுக்கு மதிப்பும் இருந்தது.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ, ஆட்சிமுறை பற்றிய தமது ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ நூலில் கனிமங்களை வெளிப்படையானவை, மறைவானவை என இரண்டாகப் பிரிக்கிறார். உப்பு, சுர்மாக்கல், கீல் ஆகியவற்றோடு ‘நஃப்த்’ எனப்படும் கல்லெண்ணெயையும் முதல் வகையில் சேர்க்கிறார். இவை தண்ணீரைப் போன்றவை. தனியொருவருக்குப் பட்டயம் எழுதித் தர ஆட்சியாளருக்கு அதிகாரமில்லை என்பது அவரது தீர்ப்பு. அவர் அறிந்திருந்த எண்ணெய் தரையில் தானே ஊறிய எண்ணெய். இன்றைய எண்ணெயோ ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கிடக்கிறது. மறைவான கனிமங்களைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மாலிகி மத்ஹபினர் கனிமங்களை ஆட்சியாளரின் பொறுப்பில் விடுகின்றனர். அது அவருடைய சொத்தாக அன்று, மக்களின் நலனுக்காக. ஆக, எந்த வழியில் சென்றாலும் அமானிதம் என்ற இடத்துக்கே வந்து சேர்கிறோம்.

இந்த அளவுகோலைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஈரான் ஒரு சான்று. 1901இல் கஜர் மன்னர் முஸஃப்பருத்தீன் ஷா, வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற ஆங்கிலேயருக்கு நாட்டின் பெரும்பகுதியில் 60 ஆண்டுகள் எண்ணெய் எடுக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். ஈரானுக்குக் கிடைக்கவிருந்தது நிகர இலாபத்தில் 16 விழுக்காடு. 1908இல் மஸ்ஜிதே சுலைமான் என்ற இடத்தில் எண்ணெய் பீறிட்டது. மக்களைக் கேளாமல் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தத்தின் கசப்பு அரை நூற்றாண்டு நீடித்தது. 1951இல் பிரதமர் முஸத்திக் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார். 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் துணையோடு அவரது ஆட்சி கவிழ்க்கப்பட்டது.

அந்த ஈரானுக்கும் சென்னைக்கும் விரைவில் ஒரு தொடர்பு உண்டாயிற்று. 1965இல் தோன்றிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தில் இந்திய அரசுடன் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்காளிகளாயின. மணலியில் அதன் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. 1956இல் அமைந்த ஓஎன்ஜிசி காவிரிப் படுகையில் தேடியது. நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியிலும் ஓர் ஆலை எழுந்தது. இதனால் வேலைவாய்ப்பும் வருவாயும் வந்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. அதே படுகையில்தான் நெல் விளைகிறது. கூத்தாநல்லூரும் முத்துப்பேட்டையும் அதிராம்பட்டினமும் இருக்கின்றன.

2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. பழுப்பு நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் வெளிவர வேண்டுமானால், அந்த அடுக்கில் உள்ள நீரை முதலில் இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். எரிவாயுவுக்கு விலையாக நிலத்தடி நீரைக் கேட்டது அத்திட்டம். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் இதற்கு எதிராக ஊர் ஊராகச் சென்றார். அந்தப் பரப்புரையின் நடுவிலேயே 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். 2015இல் தமிழக அரசு திட்டத்துக்குத் தடை விதித்தது.

2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசல், ஹைட்ரோகார்பன் திட்டப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வூர் மக்கள் மாதக் கணக்கில் அறவழியில் அமர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் வயலின் கீழ் செல்லும் எண்ணெய்க் குழாய் கசிந்தது. தடியடியும் கைதுகளும் நிகழ்ந்தன. 2020 பிப்ரவரியில் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. புதிய கிணறுகளுக்கு அது தடை. ஏற்கெனவே நடந்துவந்த பணிகள் தொடர்கின்றன.

ஆனால் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, 2020 ஜனவரி 16 அன்று, மத்திய அரசு விதி ஒன்றைத் திருத்தியிருந்தது. எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளையிட்டு ஆய்வதற்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை என்றாயிற்று. மாரிப் உப்பைப் பற்றி எழுந்து பேசிய அந்த ஒருவரின் இருக்கை இங்கே சபையிலிருந்து அகற்றப்பட்டது என்றே நாம் கருதுகிறோம்.

இதன் விளைவு நம் மாவட்டத்தின் எல்லை வரை வந்தது. அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. அம்மாவட்டம் பாதுகாக்கப்பட்ட மண்டலத்தில் இல்லை. எதிர்ப்பு எழுந்தபின், ஆகஸ்டில், அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது. கிருஷ்ணன்கோவிலில் வாழும் நமக்கு இது வெறும் அயலூர்ச் செய்தி அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால்தான் நம் கண்மாய்கள் நிறையும். கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும். இராமநாதபுரத்து உழவரும் கண்மாயை நம்பியே வாழ்கிறார். நீரின் அருமையை அவருக்கும் நமக்கும் எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

நம் வீட்டு அடுப்பும் எரிவாயுவில்தான் எரிகிறது. நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் வளைகுடாவின் எண்ணெய்ச் செல்வத்தில் உழைத்துத்தான் குடும்பத்தைக் காக்கிறார்கள். ஆகவே எண்ணெயே கூடாது என்று பேச நமக்கு வாயில்லை. யாருடைய நிலத்தடியில் துளையிடப்படுகிறதோ அவரைக் கேட்ட பின்பே துளையிட வேண்டும், கேடு தெரிந்தால் அனுமதியைத் திரும்பப் பெறத் தயங்கக் கூடாது என்று மட்டுமே கேட்கிறோம். அடுத்த ஊரின் கிணற்றுக்காக இதைக் கேட்பதும் அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் கடமைகளில் அடங்கும்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் மக்களாக அல்லாஹ் நம்மையும் நம் ஆட்சியாளர்களையும் ஆக்குவானாக. ஆமீன்.